மூன்று வருஷத்துப் புளிப்பு

நான் குடிப்பவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒழுக்கத்தினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. வாய்த்தபோது பக்கத்தில் யாராவது உறவுக்காரர் இருந்தார், அவ்வளவுதான். என் கதைகளில் குடிப்பவர்கள் நிறைய வருகிறார்கள். அவர்கள் தள்ளாடுவதும் உளறுவதும் தத்ரூபமாக இருப்பதாக வாசகர்கள் கடிதம்கூட எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் எதிர்வீட்டைப் பார்த்து எழுதியது.

இப்படிப்பட்டவன் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், ஒரு பிப்ரவரி மாதக் காலையில், பீர் காய்ச்சும் பட்டறை ஒன்றின் வாசலில் மனைவியோடு போய் நின்றேன் என்றால், அதற்குக் காரணம் என் அண்ணன் பிள்ளை பாலு. அங்கே அவனுக்கு உத்தியோகம். பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். அரண்மனை பார்த்தாயிற்று. சிறுநீர் கழிக்கும் அந்தச் சின்னப் பையன் சிலையைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று மனைவி கேட்டதும் ஆயிற்று. ஐந்தாம் நாள் பாலு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சித்தப்பா, ஒரு இடம் இருக்கு. சித்தி கோபிச்சுக்கக் கூடாது."

"என்ன இடம்?"

"பீர் பண்ற இடம். ஆனா கடை மாதிரி இல்லே. மியூசியம்னு வெச்சுக்குங்களேன்."

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ளேயாவது குளிராம இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே வெளியைவிட அதிகமாகக் குளிரிற்று.

தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரந்தான். ஆண்டர்லெக்ட் என்கிற பகுதி. நம் தங்கசாலைத் தெருவைப்போல் வீடும் கிடங்கும் கலந்து கிடக்கிற தெருக்கள். பட்டறைக்குக் கான்டியோன் என்று பெயர். அது ஒரு குடும்பத்தின் பெயர். வாசலில் பணம் கட்டினால் ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நாமே உள்ளே சுற்றி வரலாம். பின்னாலேயே வந்து விரட்டுகிற வழிகாட்டி கிடையாது. மரமும் ஈரமும் புளிப்பும் கலந்த ஒரு வாடை எங்களை எதிர்கொண்டது. மூக்கைச் சுளிக்க வேண்டியவள் என் மனைவி. அவளோ நின்று, இரண்டு தடவை ஆழ மூச்சு இழுத்தாள்.

"எங்க அப்பா ரூம் வாசனை" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. மாமனாரின் அந்த அறையைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் மாமனார் கும்பகோணத்தில் ஊறுகாய் வியாபாரம் செய்தவர். கடை என்று ஒன்று கிடையாது, போர்டும் கிடையாது. வீட்டின் பின்கட்டில் ஜன்னலைத் திறக்காத ஓர் அறை. அதில் முப்பது சீனா ஜாடிகள். மாவடு, கிடாரங்காய், எலுமிச்சை என்று எல்லாம் உண்டென்றாலும் அவருடைய பேர் சொல்வது நார்த்தங்காய்தான். மாயவரத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் தூக்கும் கையுமாக வந்து வாங்கிப் போவார்கள். ஒரு வருஷத்து நார்த்தங்காய், இரண்டு வருஷத்தது, கரேலென்று போய்விட்ட மூன்று வருஷத்தது, இந்த மூன்றையும் கலந்து ஒரு சரக்குப் பண்ணுவார். ஒரு துண்டை நாக்கில் வைத்தால் முதலில் புளிப்பு, அப்புறம் ஒரு சின்னக் கசப்பு, எல்லாம் அடங்கியபின் எங்கிருந்தோ ஒரு இனிப்பு. காய்ச்சலில் வாய் செத்துக் கிடந்தவனை எழுப்பி உட்கார்த்திவிடும். அந்த அறையில் யாரும் வெள்ளையடிக்கக்கூடாது, ஒட்டடை அடிக்கக்கூடாது. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார்.

இருக்கட்டும். பட்டறைக்கு வருகிறேன்.

ஒரு தடவை காய்ச்சுவதற்கு 1,300 கிலோ தானியம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டி உலர்த்திய பார்லி. ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. இதை வெந்நீரில் கலந்து, சத்து இறங்கிய தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். பீருக்குக் கசப்பைக் கொடுப்பது அந்தப் பூதான். மற்றவர்கள் எல்லாம் புதுப் பூவுக்கு அலைகிறபோது இவர்கள் மூன்று வருஷம் கிடந்த பழைய பூவைத் தேடி எடுத்துப் போடுகிறார்கள். வருஷம் ஆக ஆகப் பூவின் கசப்புப் போய்விடும். கெடாமல் காக்கிற குணம் மட்டும் மிஞ்சும். மனுஷர்களுக்கும் இப்படி ஒரு சௌகரியம் இருந்தால் எவ்வளவோ குடும்பங்கள் தேவலை.

மரப்படி ஏறி மேலே போனோம். கூரைக்கு அடியில், அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தாமிரத் தொட்டி. நல்ல அகலம், ஆழமோ முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் ஜாஸ்தி. 7,500 லிட்டர் கொள்ளுமாம். மூடி கிடையாது. கொதித்த திரவத்தை இதில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சுவரிலும் கூரையிலும் உள்ள பலகைத் திறப்புகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் குளிர்காற்று அதன்மேல் வீசிக்கொண்டிருக்கும். காற்றிலும் அந்தக் கட்டடத்தின் மரத்திலும் காலங்காலமாகக் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் அதில் இறங்கிக்கொள்ளும். வேறு எதையும் யாரும் சேர்ப்பதில்லை. இப்படி உண்டாகிறதற்குத்தான் லாம்பிக் என்று பெயர்.

காலேஜில் நான் இரண்டு வருஷம் படித்த ரசாயனத்தில் இந்த விஷயமெல்லாம் வரவில்லை. பாலு விளக்கினான். டென்மார்க் தேசத்தில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், ஹான்சன் என்பவர் 1883-ல் ஈஸ்ட் நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்துச் சுத்தமாக வளர்க்கக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் உலகத்துப் பீர்க்காரர்கள் அநேகமாக எல்லோருமே அந்தச் சுத்த ஈஸ்ட்டை அளந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி. இந்த லாம்பிக்காரர்கள் மட்டும் காற்றையே நம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் வேலை செய்கிற காட்டு ஈஸ்ட்டுகளில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் இந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்: பிரெட்டனோமைசிஸ் புரூக்செல்லென்சிஸ்.

"இதிலே என்ன அதிசயம்? இட்லி மாவு மாதிரிதானே?" என்றாள் மனைவி.

பாலு வாயடைத்துப் போனான். வாஸ்தவந்தானே? அரிசியையும் உளுந்தையும் அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். உளுந்தோடு வந்ததும் கையோடு வந்ததுமாகச் சேர்ந்து ராத்திரியெல்லாம் வேலை செய்கின்றன. காலையில் மாவு பொங்கியிருக்கிறது. எந்த வீட்டிலும் கடையில் ஈஸ்ட் வாங்கிப் போட்டு இட்லி வார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒரு வித்தியாசம். நமக்கு வெயில் வேண்டும்; பிரஸ்ஸல்ஸ் குளிரில் மாவு பொங்காமல், பாலு அதை அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைக்கிறான். இவர்களுக்கோ குளிர் வேண்டும். இரவில் காற்று பூஜ்யத்துக்கு மூன்று டிகிரி கீழேயிருந்து எட்டு டிகிரி வரைக்கும் இருந்தால்தான் சரியான நுண்ணுயிர் வந்து உட்காருமாம். வெப்பம் ஏறினால் கெட்டது வந்து உட்கார்ந்துகொள்ளும். தாத்தா காலத்தில் அக்டோபர் நடுவில் ஆரம்பித்து மே வரைக்கும் காய்ச்சுவார்கள். அவ்வளவு நீண்ட குளிர்காலம் இப்போது வருவதில்லை. 2015 நவம்பரில் இரவுகள் கதகதவென்று இருந்துவிட்டபடியால் காய்ச்சுவதையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. காற்றை நம்பிப் பிழைக்கிறவனுக்கு உலகம் சூடேறுவது பத்திரிகைச் செய்தி அல்ல, பிழைப்பு.

அடுத்தது பீப்பாய்க் கிடங்கு. வரிசை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக, முன்பு திராட்சை மது வைத்திருந்த மரப் பீப்பாய்கள். ஆறின திரவத்தை இவற்றில் நிரப்புகிறார்கள். சில நாளைக்கெல்லாம் உள்ளே சண்டை மூண்டு, நுரை வாய்வழியே பொங்கி வழியும். வழிந்து ஓயும்வரை வாயை மூடுவதில்லை. மூடினால் பீப்பாய் வெடித்துவிடும். அப்புறம் அடைத்துவிட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று காத்திருக்கவேண்டியதுதான்.

அண்ணாந்து பார்த்தால் மூலைக்கு மூலை சிலந்திக்கூடு. சிலந்தியை அங்கே யாரும் அடிக்கக்கூடாது. பழமும் புளிப்புமாக இருக்கிற இடத்துக்குப் பூச்சி வரும். மருந்து அடித்தால் காற்றிலுள்ள நல்ல நுண்ணுயிரும் போய்விடும். ஆகவே பூச்சியைப் பார்த்துக்கொள்வது சிலந்தியின் பொறுப்பு. என் மனைவி அந்த ஒட்டடைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குரலிலும் அவள் அப்பாதான்.

மூன்று வருஷம் கிடந்ததை அப்படியே விற்பதில்லை. அதில் நுரை இல்லை, வாயு இல்லை. உள்ளே இருந்த சர்க்கரையையெல்லாம் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும். ஒரு வருஷத்ததில் கொஞ்சம் சர்க்கரை பாக்கி இருக்கும். ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று வருஷத்துச் சரக்குகளைக் கலந்து, ஷாம்பேன் புட்டி போன்ற கனத்த புட்டிகளில் அடைத்துப் படுக்கப் போட்டுவிடுகிறார்கள். இளையதின் சர்க்கரையை எடுத்துக்கொண்டு முதியது புட்டிக்குள் மறுபடி உயிர் பெறுகிறது. இதற்கு கூஸ் என்று பெயர். எந்தப் பீப்பாயிலிருந்து எவ்வளவு என்பதை நாக்குதான் தீர்மானிக்கவேண்டும். ஒரு பீப்பாய் போல் இன்னொன்று இருப்பதில்லை. புளிப்புச் செர்ரிப் பழத்தைப் பீப்பாயில் ஊறப்போட்டு எடுப்பது இன்னொரு வகை, அது கிரீக். ராஸ்ப்பெரிக்கும் ஆப்ரிகாட்டுக்கும் தனித்தனியே வகைகள் உண்டு.

ஒரு பீப்பாயின்மேல் புத்தகத்தைச் சாய்த்துக்கொண்டு மனைவி பட்டறையின் சரித்திரத்தை வாசிக்க ஆரம்பித்தாள். நான் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கேட்டேன்.

1900-ல் பால் கான்டியோன் என்பவரும் அவர் மனைவி மரீ ட்ரோக் என்பவளும் ஆரம்பித்தார்கள். பாலின் தகப்பனார் லெம்பேக் என்கிற ஊரில் பீர் காய்ச்சியவர். முதலில் இவர்கள் காய்ச்சவில்லை. பிறரிடம் லாம்பிக் வாங்கிக் கலந்து விற்றார்கள். 1937-38-ல் பிள்ளைகள் ரோபேரும் மார்செலும் பாத்திரங்கள் வாங்கிப் போட்டுத் தாங்களே காய்ச்ச ஆரம்பித்தார்கள். 1937 அக்டோபரில்தான் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். உலகம் ஒரே சமயத்தில் எத்தனை திசையில் நடக்கிறது, பாருங்கள்.

யுத்தத்துக்குப் பின் ஜனங்களின் நாக்கு மாறிவிட்டது. சர்க்கரைப் பானங்கள் வந்தன. மற்றப் பட்டறைக்காரர்கள் லாம்பிக்கில் இனிப்பைச் சேர்த்து விற்றுப் பிழைத்தார்கள், பலர் மூடினார்கள். நகரத்துக்குள் பழைய முறையில் லாம்பிக் காய்ச்சுகிற இடம் கடைசியில் இது ஒன்றுதான் என்று ஆயிற்று. இங்கேயும் சரக்குத் தேங்கிற்று. 1960-களின் முடிவில் மார்செலுக்கு வயசாகிவிட்டது.

மனைவி அடுத்த வரியை வாசித்தாள். "மார்செலின் மாப்பிள்ளை ழான் பியேர் வான் ராய் பட்டறையை ஏற்றுக்கொண்டார்..."

அதோடு நிறுத்தினாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? இதுதான்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் முதல் நாவல் அச்சாகிக்கொண்டிருந்தது. மாமனார் ஒரு ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு வந்தார். அவருக்குப் பிள்ளை கிடையாது, ஒரே பெண். காபி குடித்துவிட்டு, மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாப்பிள்ளை, எனக்கப்புறம் அந்த ரூமை நீங்க பார்த்துக்கணும். எழுத்தை விடச் சொல்லலே. ஜாடி அதும்பாட்டுக்கு ஊறும். நீங்க பாட்டுக்கு எழுதலாம்."

இன்றைக்கு நினைத்தால் அதைவிட நல்ல யோசனை ஒரு எழுத்தாளனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் அன்று பெரிய பிரசங்கம் செய்தேன். கலை, அர்ப்பணம் என்றெல்லாம் சொன்னேன். கடைசியில், "நாவலின் பின்னட்டையில் 'நார்த்தங்காய் வியாபாரி' என்று போட்டுக்கொண்டால் நன்றாயிருக்குமா, மாமா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவரும் சிரித்தார். ஜாடியை வைத்துவிட்டு ஊருக்குப் போனார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நாலு வருஷத்தில் காலமானார். வீட்டை விற்றபோது ஜாடிகளைப் பழைய சாமான்காரன் மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டான். அவர் கொண்டுவந்த அந்த ஒரு ஜாடி மட்டும் எங்களிடம் தங்கிற்று. வாசல் பக்கம் வைத்து, அதில் குடைகளைச் சொருகியிருந்தோம்.

இதைப் பற்றி நான் ஒரு கதைகூட எழுதியிருக்கிறேன். கதையில் மாப்பிள்ளை மனம் திருந்தி ஊருக்குத் திரும்பிப் போகிறான். நல்ல கதை என்றார்கள். வந்த சன்மானத்தில் குக்கர் வாங்கினோம்.

அந்தப் பிரஸ்ஸல்ஸ் மாப்பிள்ளை என்ன செய்தார்? பிடிவாதமாக இனிப்புச் சேர்க்க மறுத்தார். விற்காத காலத்தில் 1978-ல் பட்டறையையே அருங்காட்சி சாலையாகத் திறந்துவிட்டு, நாங்கள் வந்ததுபோல் வருகிறவர்களிடம் நுழைவுப் பணம் வாங்கிக் குடும்பமாக உழைத்துத் தாக்குப் பிடித்தார். பின்பு காலம் திரும்பிற்று. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். காய்ச்சுவது இப்போது அவருடைய பிள்ளை ழான். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்கு இல்லை; மூன்று வருஷத்தை மூன்று மாதமாக்க வழியில்லையே!

சுற்றி முடித்ததும் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். முதலில் கூஸ். பொன்னிறம், மேலே வெள்ளை நுரை. நாற்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வந்த விரதத்தை ஒரு மாப்பிள்ளையின் பிடிவாதத்துக்கு மரியாதையாக முறிக்கலாம் என்று தோன்றிற்று. ஒரு வாய் குடித்தேன். பீர் என்றால் நான் கற்பனை செய்து எழுதியிருந்தது எதுவும் அதில் இல்லை. கன்னத்துக்குள் ஊசி குத்துகிற மாதிரி எலுமிச்சைப் புளிப்பு. பழைய மரத்தின் வாசனை. கடைசியில் நாக்கு உலர்ந்து சுத்தமாகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டேன். பாலு சிரித்தான்.

மனைவி கையை நீட்டினாள். நானும் பாலுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு சொட்டை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, மருந்து பார்க்கிற வைத்தியரைப்போல் எங்கேயோ பார்த்தாள்.

"நீராகாரம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "இதிலே பழசு கூடுதல். புதுசு இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். பின்னாலே அந்த இனிப்பு வரலே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி? பன்னண்டு வயசிலேருந்து நான்தானே அப்பாவுக்கு ருசி பார்த்துச் சொல்லுவேன்? பொடி போட்டுப் போட்டு அவருக்கு வாசனையே தெரியாமப் போச்சு. எந்த ஜாடி பழசு எத்தனை பங்கு, எது புதுசு எத்தனை பங்குன்னு நான் சொல்ற அளவுதான்."

"அப்படின்னா அந்த நார்த்தங்காய்..."

"நான் கலந்ததுதான்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"யார் கேட்டா? அப்பா உங்களைக் கேட்டார். நீங்க மாட்டேன்னீங்க. அதோட முடிஞ்சு போச்சு" என்றாள் சாதாரணமாக. தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

எனக்குக் குற்ற உணர்ச்சி புதிதல்ல. பதினைந்து வருஷமாக அதைப் பத்திரமாக வளர்த்து வந்திருக்கிறேன், அதை வைத்துக் கதையும் பண்ணியிருக்கிறேன். ஆனால் இத்தனை நாளும் நான் வருந்தி வந்தது தப்பான குற்றத்துக்காக என்று அங்கே, அந்தக் குளிரில், தெரிந்தது. நான் மாட்டேன் என்றது பெரிதில்லை. அறை முழுக்கத் தெரிந்தவள் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து போனாள். மாமனார் பிள்ளை இல்லையே என்று என்னைப் பார்த்தார். நான் என் நாவலைப் பார்த்தேன். அவளை யாரும் பார்க்கவில்லை. கதை எழுதினபோதுகூட நான் பார்க்கவில்லை. அந்தக் கதையில் மனைவி ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், விளக்கேற்ற.

அந்தச் சிறு புத்தகத்தை வாங்கி நானே வாசித்தேன். அந்த மாப்பிள்ளையின் மனைவி பெயர் க்ளோத் கான்டியோன். பட்டறையின் பெயரைத் தன் பெயராகக் கொண்டு பிறந்தவள் அவள்தான். 'மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார்' என்று ஒரு வரியில் முடிகிற இடத்தில் அவள் எத்தனை பீப்பாய்க்கு நாக்கை நீட்டினாளோ, யார் கண்டார்கள்!

சென்னை வந்த மறுநாள், ஜாடியிலிருந்து குடைகளை எடுத்துவிட்டு, கழுவித் துடைத்துச் சமையலறை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். மனைவி பார்த்தாள். "இனிமே குடையை எங்கே சொருகறதாம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஜாடி ஒரு வாரம் காலியாகவே நின்றது. எனக்கு வாய்விட்டுக் கேட்கப் பயமாயிருந்தது. எட்டாம் நாள் மார்க்கெட்டிலிருந்து வந்த பை கனத்தது. இரண்டு டஜன் நார்த்தங்காய். சுருள் சுருளாக நறுக்கி உப்பை அடைத்தாள். பகலில் மொட்டைமாடி வெயில். ராத்திரி மறுபடி ஜாடி. காக்காய் விரட்டுகிற வேலை எனக்கு. அங்கேயே உட்கார்ந்து எழுதவும் முடிகிறது. மாமனார் சொன்னது சரிதான்.

இதை எழுதும்போது எட்டு மாதம் ஆகியிருக்கிறது. நேற்று, ஒரு துண்டு ருசி பார்க்கலாமா என்று கேட்டேன்.

"மூணு வருஷம் ஆகணும்" என்றாள். ஜாடியின் வாயைத் துணியால் இறுகக் கட்டினாள்.